ஒரே சட்டியில் கோழியும் காயும் பழமும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோழியிறைச்சியைக் காய்கறிகளோடும் மாங்காயோடும் சேர்த்து ஒரே சட்டியில் சமைத்து இரவு உணவை முடித்துக்கொள்ளலாம் என்று சென்ற இதழில் சில வரிகள் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை கடற்கரை ஊர்களில் உள்ள வாசகர்கள் எழுதிய கடிதங்களில் பெரும்பாலானவை அந்தச் சமையலைப் பற்றியவையாகவே இருந்தன. அதற்குக் காரணம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் 61 நாட்கள் கரையிலேயே நிற்கின்றன. நாட்டுப்படகுகளில் வரும் மீன் மட்டுமே சந்தைக்குக் கிடைப்பதால் விலை ஏறிவிடுகிறது. மீன் வாங்கிப் பழகிய வீடுகள் கோழிக்கடைக்குச் செல்கின்றன. அதே மாதங்களில்தான் மாங்காயும் மலிவாகக் கிடைக்கிறது. ஆகவே இம்முறை இந்தப் பகுதி முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

உச்சிப்புளியிலிருந்து ஒரு வாசகி: மதிப்பிற்குரிய அம்மா, நான் வேலை முடிந்து வீடு திரும்ப மாலை ஆறரை மணி ஆகிவிடுகிறது. வீட்டில் ஐந்து பேர். குழம்பு, வறுவல், பொரியல் என்று தனித்தனியாகச் செய்ய நேரமும் தெம்பும் இருப்பதில்லை. நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டுக் கோழி, உருளைக்கிழங்கு, பூசணி, மாம்பழம் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவைத்தேன். கோழி வெந்தபோது பூசணி கூழாகிவிட்டது, கிழங்கு வேகவில்லை, மாம்பழம் இருந்த இடமே தெரியவில்லை. எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது, கேஸ் அடுப்புதான். சரியான முறையை விளக்கமாகச் சொல்லுங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரி, நீங்கள் எடுத்துக்கொண்ட பொருட்களில் குறை எதுவும் இல்லை, அவை சட்டிக்குள் சென்ற வரிசையை மாற்றினால் போதும். உருளைக்கிழங்கு வேக இருபத்தைந்து நிமிடங்கள் தேவைப்படும்போது மஞ்சள் பூசணிக்குப் பத்து நிமிடங்களும் செங்காய் (பாதி பழுத்த) மாங்காய்க்கு ஐந்து நிமிடங்களும் போதுமானவை. அந்தக் கணக்கைப் பின்பற்றி ஒவ்வொன்றையும் அதனதன் நேரத்தில் சேர்த்தால், இறக்கும்போது எல்லாம் ஒரே பதத்தில் இருக்கும். முன்கூட்டியே வெந்துவிடுபவற்றைப் பின்னால் சேர்ப்பதுதான் இந்தச் சமையலின் முழு நுட்பமும்.

ஐந்து பேருக்கு ஒரு கிலோ கோழி சரியாக இருக்கும். எலும்போடு கூடிய தொடையும் காலுமாகக் கேட்டு வாங்குங்கள். நெஞ்சுக்கறி விரைவில் வெந்து, கிழங்கு வேகும்வரை காத்திருந்தால் வறண்டு நார்நாராகிவிடும். தொடைக்கறியில் கொழுப்பும் இணைப்புத் திசுவும் கூடுதலாக இருப்பதால் சில நிமிடங்கள் கூடுதலாக வெந்தாலும் அதன் சாறு குறைவதில்லை. நம் ஊர்க் கடைகளில் கேட்காமலே தோலை உரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். தோலோடு வாங்கினால் அதிலிருந்து வடியும் கொழுப்பிலேயே காய்கறிகள் வதங்கும் என்பதால் இந்தச் சமையலுக்கு மட்டும் தோலோடு கேளுங்கள் என்பது என் பரிந்துரை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கோழித் துண்டுகளில் ஒன்றரைத் தேக்கரண்டி தூள் உப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூள், ஒரு தேக்கரண்டி மிளகுத் தூள் ஆகியவற்றைப் பூசி வைத்துவிட்டு, கைகளைச் சோப்பால் கழுவி, முகம் கழுவி, காய்கறிகளை நறுக்கத் தொடங்குங்கள். அந்த இருபது முப்பது நிமிடங்களே உப்பு பிடிக்கப் போதும். மிளகாய்த் தூளை இப்போது பூச வேண்டாம். நம் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்ததை அறிந்திருப்பீர்கள். அதன் காரத்தையும் மணத்தையும் முழுமையாகப் பெற வேண்டுமானால் அது கொதிக்கும் எண்ணெயில் நேராகப் படக் கூடாது. படுமானால் ஒரு நிமிடத்திற்குள் கருகிக் கசந்துவிடும். சட்டியில் சிறிது தண்ணீர் சேர்ந்த பிறகு அதைத் தூவுவதே நல்லது.

காய்கறிகளில் உருளைக்கிழங்கு கால் கிலோ, கேரட் இரண்டு, சின்ன வெங்காயம் ஒரு பெரிய கைப்பிடி, மஞ்சள் பூசணி ஒரு கீற்று, பூண்டு பத்துப் பற்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கிழங்கைக் கட்டைவிரல் நுனி அளவிலும், பூசணியை அதைப் போல இரு மடங்கு பெரிதாகவும் வெட்டுங்கள். விரைவாக வேகும் காயைப் பெரிதாகவும் தாமதமாக வேகும் காயைச் சிறிதாகவும் வெட்டுவதால் நேர வேறுபாடு குறைந்துவிடும். சின்ன வெங்காயத்தை நறுக்காமல் முழுதாகவே போடுங்கள். பழத்திற்கு ஒரு செங்காய் மாங்காய், அதாவது வெளியே பச்சையாகவும் உள்ளே மஞ்சள் ஓடியும் இருக்கும் பருவத்தில் உள்ளது, மிகப் பொருத்தமானது. நன்கு பழுத்த மாம்பழம் சூட்டில் கரைந்துவிடும்; அதுதான் உங்கள் சட்டியில் நடந்தது.

அகலமான, அடிகனமான சட்டியை நன்றாகச் சூடாக்கி மூன்று மேசைக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றுங்கள். கோழித் துண்டுகளின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒன்றையொன்று தொடாமல் ஒரே அடுக்காகப் பரப்பி, ஐந்து நிமிடங்கள் தொடாமல் விட்டுவிடுங்கள். இந்த இடத்தில் பொறுமை தேவை. போட்டவுடன் கரண்டியால் புரட்டினால் கறி சட்டியோடு ஒட்டிக் கிழியும்; அடிப்பக்கம் பொன்னிறமாகிவிட்டால் தானாகவே விட்டுக்கொடுக்கும். அப்போது திருப்பிவிட்டு மறுபக்கமும் ஐந்து நிமிடங்கள் விடுங்கள். கறி இன்னும் உள்ளே வெந்திருக்காது. நிறமும் மணமும் ஏறியிருந்தால் போதும். துண்டுகளை ஒரு தட்டில் எடுத்து வையுங்கள்.

இப்போது சட்டியின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் ஒட்டியிருப்பதைக் காண்பீர்கள். பலர் இதை அடிப்பிடித்ததாக நினைத்துச் சட்டியைக் கழுவிவிடுகிறார்கள். கறுத்துப் போகாத வரையில் அதுதான் முழுச் சமையலுக்கும் சுவை. அதே எண்ணெயில் உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம், பூண்டு ஆகியவற்றைப் போட்டு ஐந்து நிமிடங்கள் வதக்கிவிட்டு, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி விழுது, இரண்டு இணுக்குக் கறிவேப்பிலை சேர்த்துக் கிளறி, உடனே கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒன்றரைத் தேக்கரண்டி மிளகாய்த் தூளைத் தூவி, அந்தப் படலத்தைக் கரண்டியால் சுரண்டிவிடுங்கள். தண்ணீர் கொதித்தவுடன் கோழித் துண்டுகளைத் தட்டில் வடிந்திருக்கும் சாற்றோடு சேர்த்துக் காய்களின் மேல் அடுக்கி, மூடி, தீயைக் குறைத்துவிடுங்கள். கறி மேலேயும் கிழங்கு கீழேயும் இருக்க வேண்டும். கறியின் சாறு இறங்கிக் கிழங்கில் ஊறும், கிழங்குக்கு அடிச் சூடும் கிடைக்கும்.

பதினைந்து நிமிடங்கள் கழித்து மூடியைத் திறந்து பூசணியை இடையிடையே செருகி மீண்டும் மூடுங்கள். இன்னும் பத்து நிமிடங்களில் பூசணியின் ஓரங்கள் கண்ணாடி போலாகிவிடும். அப்போது மாங்காய்த் துண்டுகளைப் பரப்பி, இம்முறை மூடாமல், தீயைச் சற்றே கூட்டி ஐந்து நிமிடங்கள் விட்டால் மீதமிருக்கும் நீர் சுண்டி, மாங்காயின் புளிப்பும் இனிப்பும் எண்ணெயோடு கலந்து கறியின் மேல் பூச்சாகப் படியும். அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து இறக்கும்வரை ஐம்பது நிமிடங்களுக்கு மேல் ஆகாது. அதில் பாதிக்கு மேற்பட்ட நேரம் சட்டி மூடியபடியே இருப்பதால் நீங்கள் அருகில் நிற்கவும் தேவையில்லை. கிழங்கு உள்ளே இருப்பதால் சோறு குறைவாக வடித்தாலே போதும். இடியாப்பத்தோடும் இது நன்றாகச் சேரும். கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றலாமா என்று கேட்கத் தோன்றலாம். ஊற்றினால் அது குழம்பாகிவிடும், முதலில் சிவக்க வறுத்ததன் பயனும் போய்விடும் என்பதால் நான் ஊற்றுவதில்லை.

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்: ஐயா அல்லது அம்மா, கறி மென்மையாக இருக்கட்டும் என்று எண்ணிக் கோழியை முதல் நாள் இரவே அன்னாசிச் சாற்றில் ஊறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் எடுத்தபோது மேற்பகுதி மாவாகிக் கையோடு வந்தது. சமைத்த பிறகும் அந்தப் பதம் மாறவில்லை. கோழி கெட்டுப்போயிருந்ததா?

பதில்: ஒரே இரவில் ஃப்ரிட்ஜுக்குள் நேர்ந்த இந்த மாற்றத்திற்குக் கோழி கெட்டுப்போனது காரணமாக இருக்க வாய்ப்பில்லை, அன்னாசி தன் வேலையை அளவுக்கு மீறிச் செய்துவிட்டது. அன்னாசிப் பழத்தில் புரோமெலைன் என்னும் நொதி உள்ளது. புரதத்தை அறுத்துத் துண்டாக்குவது அதன் இயல்பு. பச்சை அன்னாசியை அதிகமாகத் தின்றால் நாக்கு எரிவதற்கும் இதுவே ஒரு காரணம். கறியின் மேற்பரப்பில் அது சிறிது நேரம் பட்டால் மென்மை கிடைக்கும். இரவு முழுவதும் பட்டால் தசையின் கட்டமைப்பே சிதைந்துவிடும், அதன்பின் எவ்வளவு சமைத்தாலும் பழைய உறுதி திரும்பாது. பப்பாளிக் காயில் உள்ள பப்பாயின் என்ற நொதியும் இதே வகையைச் சேர்ந்தது. ஆட்டுக்கறி வேகாதபோது பப்பாளிக் காயில் ஒரு துண்டைப் போடும் வழக்கம் நம் வீடுகளில் இருப்பது இதனால்தான். காயின் பாலில் இந்த நொதி மிகுந்திருக்கும். பழுக்கப் பழுக்கக் குறைந்துவிடும்.

சூடு ஏறினால் இந்த நொதிகள் செயலிழந்துவிடும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் அன்னாசியைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஊறவைப்பதைக் கைவிட்டு, மேலே உச்சிப்புளிச் சகோதரிக்குச் சொன்ன முறையில் மாங்காய்க்குப் பதிலாக அன்னாசித் துண்டுகளைக் கடைசி எட்டு நிமிடங்களில் சேருங்கள். இன்னும் சுவை வேண்டுமானால், கோழியை வறுத்து எடுத்ததும் அதே எண்ணெயில் அன்னாசித் துண்டுகளை இரண்டு நிமிடங்கள் சிவக்கவிட்டுத் தனியே எடுத்துவைத்து, முடிவில் மேலே பரப்புங்கள். பழத்தின் சர்க்கரை சூட்டில் நிறம் மாறி, கருப்பட்டியை நினைவூட்டும் ஒரு மணத்தைத் தரும். அந்த இரண்டு நிமிடங்களில் அடுப்பை விட்டு நகரக் கூடாது; பழச் சர்க்கரை சிவப்பதற்கும் கருகுவதற்கும் இடையே உள்ள நேரம் மிகக் குறைவு. டப்பாவில் அடைத்து விற்கும் அன்னாசி ஏற்கெனவே சூடாக்கப்பட்டது என்பதால் அதில் ஊறவைத்தாலும் கறி குழையாது, ஆனால் அது சர்க்கரைப் பாகில் கிடந்தது என்பதால் நான் விரும்புவதில்லை. பிராய்லர் கோழி ஆறு வாரங்களுக்குள் கடைக்கு வந்துவிடும் இளங்கறி. அதை மென்மையாக்க எந்தப் பழமும் தேவையில்லை.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் வீட்டில் கோழியோடு உருளைக்கிழங்கும் புளிப்பு மாங்காயும் சேர்த்துப் போட்டு, சிறிது புளிக்கரைசலும் ஊற்றி ஒரு மணி நேரம் வேகவைத்தேன். கறி எலும்பைவிட்டுக் கழன்றது. கிழங்கு மட்டும் நடுவில் நறுக்கென்று இருந்தது. கிழங்கு பழசா?

பதில்: கிழங்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. காய்கறிகளின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்ற பொருள். அது கரைந்தால்தான் காய் மென்மையாகும். புளிப்பு மிகுந்த நீரில் பெக்டின் எளிதில் கரைவதில்லை. அதனால்தான் புளிக்குழம்பில் காயை முதலில் வேகவைத்துக்கொண்டு பிறகு புளி ஊற்ற வேண்டும் என்று நம் பாட்டிமார்கள் சொல்லிவந்தார்கள். நீங்கள் மாங்காயையும் புளியையும் முதலிலேயே சேர்த்ததால் கிழங்கு அந்தப் புளிப்பில் இறுகிவிட்டது. கத்தி நுனி தடையின்றி இறங்கும் பதத்திற்குக் கிழங்கு வந்த பிறகு புளிப்புள்ள எதையும் சேருங்கள். தக்காளிக்கும் இது பொருந்தும்.

இன்னொரு காரணத்தையும் நம் கடற்கரை ஊர்களில் கவனிக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. நீரில் உள்ள கால்சியம் பெக்டினோடு பிணைந்து காயை இன்னும் இறுக்கும். பருப்பு வேக மறுக்கும் வீடுகளில் கிழங்கும் தாமதமாகவே வேகும். ஆகவே இந்தச் சமையலுக்கு ஊற்றும் அந்தக் கால் டம்ளர் தண்ணீரையாவது காவிரிக் கூட்டுக் குடிநீரிலிருந்தோ மழைநீர்த் தொட்டியிலிருந்தோ எடுத்துக்கொள்ளுங்கள். உவர்நீரைத்தான் பயன்படுத்த முடியும் என்ற நிலை இருந்தால், உப்பைக் கால் பங்கு குறைத்துப் போட்டு முடிவில் ருசி பார்த்துச் சேருங்கள். நீர் சுண்டச் சுண்ட அதில் இருக்கும் உப்பும் செறிந்துவிடும்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு வாசகி: எந்தச் சட்டியில் செய்வது நல்லது? என்னிடம் இரும்பு வாணலி, மண்சட்டி, நான்ஸ்டிக் மூன்றும் உள்ளன.

பதில்: பழம் சேரும் சமையல் என்பதால் இந்தக் கேள்வி மிக முக்கியமானது. இரும்பு வாணலி கோழியைச் சிவக்க வறுப்பதற்கு மிகச் சிறந்தது. ஆனால் மாங்காய், அன்னாசி, தக்காளி ஆகியவற்றின் அமிலம் இரும்போடு வினைபுரிந்து உணவுக்குக் கருநிறத்தையும் இரும்பு வாடையையும் தரும். நன்றாக எண்ணெய் பிடித்துப் பழகிய வாணலியாக இருந்தால் பழம் சேர்த்த பிறகு உள்ள ஐந்து நிமிடங்களுக்கு ஒன்றும் ஆகாது; வெந்ததும் உடனே வேறு பாத்திரத்திற்கு மாற்றிவிடுங்கள், இரவெல்லாம் அதிலேயே வைக்காதீர்கள். அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்புச் சமையலுக்குத் தவிர்த்துவிடுங்கள்.

மண்சட்டி புளிப்புக்கு அஞ்சாது, இறக்கிய பிறகும் நெடுநேரம் சூட்டைப் பிடித்துவைக்கும். மானாமதுரையிலிருந்து வரும் மண்பாத்திரங்கள் நம் சந்தைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால் பெருந்தீயில் வெறும் சட்டியைக் காயவிட்டாலோ, சூடான சட்டியில் குளிர்ந்த நீரை ஊற்றினாலோ விரிசல் விழும். எண்ணெயை முதலிலேயே ஊற்றி, சிறு தீயில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். ஊற்றும் தண்ணீர் வெந்நீராக இருக்கட்டும். நிறம் சற்றுக் குறைவாகவே ஏறும் என்றாலும் மணம் அதை ஈடுசெய்துவிடும். நான்ஸ்டிக் வாணலியில் அடிப் படலம் சரியாக உருவாவதில்லை, பெருந்தீயில் வெறுமனே காய வைக்கவும் கூடாது என்பதால் அதற்குக் கடைசி இடம் கொடுப்பேன். புதிதாக ஒன்று வாங்குவதாக இருந்தால், அடிகனமான, ஒரு முழத்திற்குச் சற்றுக் குறைவான அகலமுள்ள எவர்சில்வர் சட்டியை மூடியோடு வாங்குங்கள்.

எந்தச் சட்டியானாலும் அது நிரம்பி வழியக் கூடாது. ஒரு கிலோ கோழியைச் சிறிய சட்டியில் குவித்தால் துண்டுகளிலிருந்து வெளியேறும் நீர் ஆவியாக இடமில்லாமல் தேங்கிவிடும். கறி வறுபடுவதற்குப் பதிலாக வெளிறிய நிறத்தில் வேகத் தொடங்கும். அப்படிப்பட்ட நிலையில் இரண்டு தடவையாக வறுத்து எடுங்கள்.

சீமைக்கருவேலங்கரி எளிதில் கிடைக்கும் ஊர் நம்முடையது என்பதால் ஒரு யோசனை. வீட்டுக்கு வெளியே, திறந்த முற்றத்தில் கரி அடுப்பு வைக்க வசதியுள்ளவர்கள், சட்டியைக் குறைந்த தணலில் வைத்துத் தட்டையான இரும்பு மூடியின் மேல் ஏழெட்டுக் கரித்துண்டுகளைப் பரப்பினால், மேலிருந்தும் கீழிருந்தும் சூடு கிடைத்து ஓவனில் செய்ததைப் போலவே மேற்பகுதி சிவக்கும். பிரியாணிக்குத் தம் போடத் தெரிந்தவர்களுக்கு இது புதிய வேலையன்று. மூடிய அறைக்குள் மட்டும் கரி மூட்டாதீர்கள். அதன் புகை உயிருக்கே ஆபத்தானது.

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி: இதைச் செய்து பார்க்க எனக்கு ஆசை. ஆனால் என் மாமி, "பழத்தைக் கறியோடு போட்டு ஆக்குவது நம்ம வழக்கமில்லை, ஆணம் (குழம்பு) இனிச்சுப் போகும்" என்று தடுக்கிறார்கள். அவர்களை வருத்தாமல் எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் மாமி இனிப்பைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. பழுத்த பழத்தைப் போட்டு மேலே சர்க்கரையும் சேர்த்தால் நம் நாக்குக்கு அது உணவாகவே தோன்றாது. ஆனால் வழக்கமில்லை என்பதை மட்டும் அவர்கள் கையால் ஆக்கிய சமையலைக் கொண்டே அன்பாக எடுத்துச் சொல்லலாம். உங்கள் வீட்டுப் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள ஆக்கும் தால்ச்சாவில் எலும்புக்கறியோடு மாங்காய் சேர்ப்பதில்லையா? இந்தக் கடற்கரை முழுவதும் மீன் குழம்பில் மாங்காய் போடாத வீடு உண்டா? கறிக்குப் புளிப்பு ஒன்று வேண்டும் என்பது நம் சமையலின் பழைய அறிவு. அந்தப் புளிப்பைப் புளியிலிருந்து எடுக்காமல் காயிலிருந்தும் செங்காயிலிருந்தும் எடுக்கிறோம் என்பதே இதிலுள்ள வேறுபாடு.

முதல் தடவை புளிப்பு மாங்காயை மட்டும் போட்டு, மிளகையும் முண்டு மிளகாயையும் சற்றுக் கூட்டிச் செய்யுங்கள். மாமியிடமே மாங்காயைத் தேர்ந்தெடுத்துத் தரச் சொல்லுங்கள். எந்தக் காய் எவ்வளவு புளிக்கும் என்பதை முகர்ந்து பார்த்தே சொல்லக்கூடியவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் அடுத்த முறை செங்காய்க்குச் செல்லலாம். மாங்காய்ப் பருவம் முடிந்த பிறகு அரைப்பழமான கொய்யாவை விதைப்பகுதியை நீக்கிவிட்டுச் சேர்க்கலாம், கம்பத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சையைப் பாதியாக வெட்டி விதை நீக்கிச் சேர்க்கலாம். சப்போட்டாவும் நன்கு பழுத்த வாழையும் இதற்கு உதவாதவை.

ஏர்வாடியிலிருந்து ஒரு வாசகர்: மேலே நன்றாகச் சிவந்திருக்கிறது, ஆனால் எலும்பருகே சிவப்பு தெரிகிறது. வெந்துவிட்டதா என்று எப்படி உறுதி செய்வது? சமைக்கும் முன் கோழியை எத்தனை தடவை கழுவ வேண்டும்?

பதில்: இளம் பிராய்லர் கோழியின் எலும்பு முழுதாக இறுகியிராததால் எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிந்து அருகிலுள்ள கறியில் படியும். நன்கு வெந்த பிறகும் அந்தச் சிவப்பு இருக்கக்கூடும். ஆகவே நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். தொடையின் மிகத் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல், சமையல் வெப்பமானியைச் செருகிப் பார்த்தால் 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். வெப்பமானி இல்லாதவர்கள் அதே இடத்தில் கத்தியால் கீறிப் பாருங்கள். உள்ளே கறி பளபளப்பாகவும் வழவழப்பாகவும் இருந்தால் வேகவில்லை. ஒளி ஊடுருவாத வெண்மையாகி, இழைகள் எளிதில் பிரிந்து, வடியும் சாறு தெளிவாக இருந்தால் வெந்துவிட்டது. ஐயம் இருந்தால் மூடி மேலும் ஐந்து நிமிடங்கள் விடுங்கள். தொடைக்கறிக்கு அதனால் கெடுதல் இல்லை.

கழுவுவதைப் பற்றி நான் சொல்லப்போவது பல வீடுகளின் பழக்கத்திற்கு மாறானது. பச்சைக் கோழியில் சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். குழாயடியில் வேகமாகக் கழுவும்போது தெறிக்கும் துளிகளோடு அவை தொட்டி, மேடை, அருகில் வைத்திருக்கும் காய்கறி எல்லாவற்றிலும் பரவுகின்றன. கழுவுவதால் அவை சாவதில்லை, முழுமையாக வேகும்போதுதான் சாகின்றன. இந்தச் சமையலில் மாங்காய் கடைசி ஐந்து நிமிடங்கள் மட்டுமே வேகிறது என்பதால் அதன்மேல் பச்சைக் கோழி நீர் படாமல் பார்த்துக்கொள்வது மிக அவசியம். கழுவாமல் மனம் ஒப்பவில்லை என்றால், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி அதற்குள் மெதுவாக அலசி எடுத்து, தொட்டியையும் கைகளையும் சோப்பால் கழுவிவிடுங்கள். நேரம் இருக்கும் நாளில், காய்களையும் பழத்தையும் முதலில் நறுக்கி மூடி வைத்துவிட்டு, கோழியைக் கடைசியில் கையிலெடுப்பது எல்லாவற்றையும்விட எளிய வழி; உப்பு ஊறட்டும் என்று கோழியை முதலில் எடுத்தால், கைகளைச் சோப்பால் கழுவிய பிறகே காய்களைத் தொடுங்கள்.

சாயல்குடியிலிருந்து ஒரு வாசகர்: நாட்டுக்கோழியில் இதைச் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் முறை மாறும். நாட்டுக்கோழியை வறுத்த பிறகு ஒன்றரை டம்ளர் வெந்நீர் ஊற்றி, முக்கால் மணி நேரத்திற்குக் குறையாமல் தனியாக வேகவைத்துக்கொண்டு, அதன்பிறகே கிழங்கைச் சேர்க்க வேண்டும். விடலைக் கோழியாக இருந்தால் நேரம் குறையும். மேலே சொன்ன பப்பாளிக் காய் விழுது இங்கேதான் பயன்படும்; ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம் ஊறினால் போதும். வேலை முடிந்து களைத்து வரும் நாளுக்கு இது ஏற்றதன்று, ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்டியிலிருந்து ஒரு வாசகி: என் தந்தைக்கு நீரிழிவு. கிழங்கும் பழமும் சேர்ந்த இந்த உணவை அவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் தந்தையின் மருத்துவர் வகுத்துத் தந்திருக்கும் உணவுமுறைதான் முதலில். அதற்கு உட்பட்டு, அவருடைய பங்கை மட்டும் மாற்றி அமைப்பது இந்தச் சமையலில் எளிது. ஒரே சட்டியாக இருந்தாலும் துண்டுகள் தனித்தனியாகவே இருப்பதால், அவருடைய தட்டில் கிழங்கைத் தவிர்த்துக் கறியையும் மற்றக் காய்களையும் கூடுதலாக வைக்கலாம். வீட்டில் எல்லாருக்குமே கிழங்கைக் குறைத்துக்கொண்டு, அந்த இடத்தில் பீன்ஸ், காலிஃபிளவர், கத்தரிக்காய், முருங்கைக்காய் ஆகியவற்றைச் சேர்க்கலாம். பீன்ஸும் முருங்கையும் பூசணிக்கு ஐந்து நிமிடங்கள் முன்னால், காலிஃபிளவரும் கத்தரியும் பூசணியோடு. பழத்திற்குப் புளிப்பு மாங்காயில் நாலைந்து கீற்றுகள் போதும். இந்த உணவைச் சாப்பிடும்போது அவருக்குச் சோற்றின் அளவையும் அதற்கேற்பக் குறைக்க வேண்டும். பழமும் கிழங்கும் சோற்றோடு கூடுதலாகச் சேர்ந்தால் சர்க்கரை ஏறவே செய்யும். சர்க்கரை, தேன், கருப்பட்டி எதையும் மேலே தூவ வேண்டாம். கருப்பட்டி இயற்கையானது என்பதால் நீரிழிவுக்காரர்களுக்குத் தீங்கில்லை என்று பலர் நம்புகிறார்கள், அதுவும் சர்க்கரைதான்.

பாம்பனிலிருந்து ஒரு வாசகி: என் வீட்டுக்காரர் தடைக்காலம் முடிந்ததும் கடலுக்குப் போவார். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவதால் இரவே இதைச் செய்து டிபன் பாக்ஸில் கட்டிக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். மதியம் வரை தாங்குமா?

பதில்: சகோதரி, கடலில் உழைப்பவருக்குக் கறியும் காயும் பழமும் சேர்ந்த உணவைக் கொடுக்க வேண்டும் என்ற உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் மதியம் வரை தாங்காது. சமைத்த கறி சாதாரண சூட்டில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் நாளில் ஒரு மணி நேரமே எல்லை. படகின் தட்டில் வெயிலில் கிடக்கும் டிபன் பாக்ஸுக்குள் கிருமிகள் பெருக அந்த நேரம் தாராளம். இரண்டு நாள் மூன்று நாள் கரை தெரியாத இடத்தில் வயிற்றுப்போக்கு வந்தால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புறப்பட்ட ஒரு மணி நேரத்திற்குள் அவர் சாப்பிட்டுவிடுவார் என்றால் மட்டும், அதிகாலையில் ஆவி பறக்கும்வரை சூடாக்கிக் கட்டிக் கொடுங்கள். மதியத்திற்குப் புளியோதரையும் வறுத்த வேர்க்கடலையும் பாதுகாப்பானவை. முழு மாங்காயும் கொய்யாவும் நறுக்காமல் கொடுத்துவிட்டால் கெடாமல் இருக்கும்.

படகிலேயே அடுப்பு வைத்துச் சமைக்கும் வழக்கம் அவருக்கு இருந்தால், மிளகுத் தூள், மிளகாய்த் தூள், உப்பு, மஞ்சள் ஆகியவற்றை நீங்கள் வீட்டில் அளந்து ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். வெங்காயம், கிழங்கு, மாங்காய் ஆகியவை ஐஸ் இல்லாமலே தாங்கும். கோழிக்குப் பதிலாக அன்று கிடைக்கும் மீனை வைத்து இதே முறையில் செய்யலாம். அப்போது வரிசை தலைகீழாகும்: கிழங்கு முழுவதும் வெந்து, மாங்காயும் சேர்ந்து புளிப்பு இறங்கிய பிறகு மீனை மேலே அடுக்கி மூடினால், நடுத்தரத் துண்டுகள் ஏழெட்டு நிமிடங்களில் வெந்துவிடும்.

வீட்டில் மீந்ததை இரவே ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்திற்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் மூன்று நாட்கள் வரை பயன்படுத்தலாம். தேவையான அளவை மட்டும் எடுத்து, இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, கறியின் நடுவரை கொதிசூடு ஏறும்வரை சுடவையுங்கள். முதல் நாள் போட்ட மாங்காய் இதற்குள் கரைந்திருக்கும் என்பதால், புதிதாக நாலைந்து கீற்றுகளை அரிந்து கடைசி ஐந்து நிமிடங்களில் மேலே போட்டுக்கொள்ளுங்கள்.